டைலை வெட்டும் முன்: மலை ஊரில் ஃபால்ஸ் சீலிங் லைட் போடுவது எப்படி?

சிவில்காரர்கள் "அது எலக்ட்ரிக்கல் வேலை" என்பார்கள். எலக்ட்ரிக்கல்காரர்கள் "அது சீலிங் ஆள் வேலை" என்பார்கள். சீலிங் போடுகிறவரோ "லைட் பாயின்ட் எங்கே வருதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று நம்மையே பார்ப்பார். இந்த மூவருக்கும் நடுவில் விழுந்து யாரும் சொல்லித்தராமல் போகிற ஒரு சின்ன வேலையைத்தான் இந்தப் பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம்: ஃபால்ஸ் சீலிங் டைலில் ஓட்டை வெட்டி டவுன்லைட் பொருத்துவது.

மதுரையிலோ கோவையிலோ ஒரு ஆபீஸில் இதைச் செய்வது சுலபம். மேலே கான்கிரீட் தளம், உள்ளே ஏசி, காற்றில் ஈரம் குறைவு. அதே வேலையைப் பெருமாள்மலையில் செய்து பாருங்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் சேர்கிற இடம். கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால். பக்கத்தில் நிற்கும் பெருமாள் மலைச் சிகரம் 2,400 மீட்டருக்கு மேல். மேகம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். பல வீடுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் தகரக் கூரை. குளிருக்கும் மழைச் சத்தத்துக்கும் அடக்கமாக இருக்கட்டும் என்று அதன் கீழே ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். அங்கே டைலில் போடுகிற ஒவ்வொரு ஓட்டையும் கூரைக்கும் அறைக்கும் நடுவே திறக்கிற ஒரு ஜன்னல் மாதிரி. அதனால்தான் மலை ஊரை உதாரணமாக எடுத்தேன். அங்கே சரியாக வருகிற முறை கீழே எங்கேயும் சரியாக வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அறை: பெருமாள்மலையில் 16 அடிக்கு 12 அடி, பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கிற ஒரு படிப்பறை. மேலே இரும்பு பர்லின், தகரக் கூரை. சீலிங் உயரம் எட்டரை அடி, அதாவது சுமார் 2.6 மீட்டர். என்.எஸ்.எஸ். முகாமில் இப்படி ஒரு வேலை உங்கள் கையிலேயே வந்து விழலாம்.

முதலில் சீலிங்கைப் புரிஞ்சுக்குவோம்

நாம் "2×2" என்று சொல்லும் சீலிங்கில் நான்கு உறுப்புகள். சுவரைச் சுற்றி வால் ஆங்கிள். மேலிருந்து கம்பியில் தொங்கும் மெயின் டீ. அவற்றுக்குக் குறுக்கே கிராஸ் டீ. இவை சேர்ந்து உருவாகும் சதுரத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் டைல். ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையாது. தள்ளினால் மேலே போகும், விட்டால் கீழே உட்காரும். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த டொனால்ட் பிரவுன் என்பவர் 1958இல் விண்ணப்பித்து 1961இல் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி இதுதான்: எந்த டைலையும் தனியாக எடுத்து மேலே வேலை பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

இதிலிருந்து நமக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, எடை தாங்குவது கிரிட். டைல் தன் எடையை மட்டும் தாங்கப் பிறந்தது. இரண்டு, டைலை எடுக்க முடிகிறது என்றால் டைலைக் கீழே வைத்துத்தான் வெட்டணும். ஏணியில் நின்றுகொண்டு தலைக்கு மேலே வெட்டுகிற பழக்கம் கண்ணுக்குத் தூசியையும் கைக்குக் காயத்தையும் மட்டுமே தரும்.

தகரக் கூரையில் இன்னொன்றும் பார்க்கணும். சீலிங் கம்பியைப் பர்லினில்தான் கட்டணும், தகரத்தில் கட்டக் கூடாது. தகரம் காற்றில் துடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலையும் மின்சாரமும் போனது மலைக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அப்படி ஒரு காற்றில் தகரத்தோடு சேர்ந்து கிரிட்டும் ஆடினால், கீழே இருப்பவர் தலையில் டைல் விழும்.

என்ன டைல்?

மினரல் ஃபைபர்: மெத்தென்று இருக்கும், கட்டர் பிளேடிலேயே வெட்டலாம், சத்தத்தை உறிஞ்சும். ஆனால் ஈரம் பட்டால் நடுவில் தொய்யும். பெட்டியில் ஆர்.எச். 90, 95, 99 என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு ஈரப்பதம் வரை தாங்கும் என்பதற்கான எண் அது. மலையில் வாங்குவதானால் அந்த எண்ணில் உயர்ந்ததைக் கேளுங்கள்.

ஜிப்சம் டைல்: முகப்பில் பி.வி.சி. தாள் ஒட்டியிருக்கும், பார்க்க அழகு. உள்ளே இருக்கும் ஜிப்சம் தண்ணீரில் நனைந்தால் இளகிவிடும். வெட்டிய விளிம்பில் தாள் இல்லாததால் ஈரம் அங்கேயிருந்துதான் உள்ளே ஏறும்.

கால்சியம் சிலிக்கேட்: கனம் அதிகம், ஈரத்துக்குக் கவலைப்படாது. வெட்டும்போது வரும் தூசியில் சிலிக்கா இருக்கும். முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

பி.வி.சி.: தண்ணீருக்கு அஞ்சாது, எடையும் இல்லை. சூட்டுக்கு வளையும். லைட்டின் சூடு அதிகமானால் ஓட்டையைச் சுற்றிலும் நெளியும்.

படிப்பறைக்கு நான் தேர்ந்தெடுப்பது ஈரம் தாங்கும் மினரல் ஃபைபர். பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிக்கிற இடத்தில், மேலே மழை தகரத்தில் கொட்டும்போது, அந்த ஒலி உறிஞ்சும் குணம் ரொம்ப முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் சீலிங்காகத் தட்டையான சாம்பல் நிற சிமென்ட் ஷீட் அடித்திருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதை வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள். அந்த நாரை மூச்சில் இழுத்தால் நோய் பல வருடம் கழித்து வரும். அப்படிப்பட்ட அறையில் லைட்டைச் சுவரில் போடுங்கள்.

எத்தனை லைட் வேணும்?

"நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணு" என்பது கணக்கு ஆகாது. உட்புற விளக்கொளிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3646. வகுப்பறைக்கு 300 லக்ஸ் வைத்துக்கொள்வோம். முறை நமக்குத் தெரிந்ததுதான்:

தேவையான மொத்த லூமன் = லக்ஸ் × பரப்பு ÷ (பயன்பாட்டுக் காரணி × பராமரிப்புக் காரணி)

16 × 12 = 192 சதுர அடி, அதாவது 17.84 சதுர மீட்டர். பயன்பாட்டுக் காரணி 0.6, பராமரிப்புக் காரணி 0.8 என்று எடுத்தால்,

300 × 17.84 ÷ 0.48 = 11,150 லூமன்.

12 வாட் டவுன்லைட், வாட்டுக்கு 90 லூமன் என்றால் ஒன்று 1,080 லூமன். 11,150 ÷ 1,080 = 10.3. பதினொன்றை ஒழுங்காக அடுக்க முடியாது. நாலுக்கு மூணு என்று 12 வைப்போம். திருப்பிக் கணக்குப் போட்டால் 349 லக்ஸ் வரும். மொத்தம் 144 வாட்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. கிரிட் சதுரத்தில் அப்படியே உட்காரும் 36 வாட் பேனல் லைட் கடையில் கிடைக்கிறது. வாட்டுக்கு 100 லூமன் என்றால் ஒன்று 3,600 லூமன், நாலு போதும். டைலை எடுத்துவிட்டுப் பேனலை வைத்தால் முடிந்தது. ஒரு ஓட்டைகூட வெட்ட வேண்டாம். மொத்த வாட்டும் அதே 144தான். அப்புறம் ஏன் டவுன்லைட்? ஒளி பரவலாக வரும், ஒன்று பழுதானால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும், கரும்பலகைப் பக்கத்து வரிசையைத் தனி சுவிட்சில் போடலாம். இந்தக் காரணங்கள் உங்கள் அறைக்குப் பொருந்தாவிட்டால் பேனலே போடுங்கள். வெட்டாமல் முடிகிற வேலையை வெட்டி முடிக்கத் தேவையில்லை.

2 அடி டைல் 2 அடி இல்லை!

இந்தப் பாடத்தில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. அறை 192 சதுர அடி, டைல் 4 சதுர அடி, ஆக 48 டைல் என்று ஆர்டர் போடுவார்கள். ஆனால் "2×2" கிரிட்டின் நடு அளவு 600 மி.மீ. உண்மையான 2 அடி 609.6 மி.மீ. டைலோ 595 மி.மீ., கிரிட்டுக்குள் இறங்குவதற்காக.

16 அடி என்பது 4,877 மி.மீ. எட்டு டைல் போட்டால் 4,800. மிச்சம் 77. அதை ஒரு பக்கத்தில் விட்டால் சுவர் ஓரமாக நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. இரண்டு பக்கமும் பிரித்தால் 38 மி.மீ.; அதில் பாதியை வால் ஆங்கிளே மூடிவிடும். பார்க்கச் சகிக்காது, டைலும் நிற்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் லைட்டில் இருக்கிறது. நாலுக்கு மூணு என்று சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு லைட்டும் நான்கு டைல் கொண்ட ஒரு கட்டத்தின் நடுவில் வரணும். நான்கு டைல் சேரும் நடு எது? டீ-பார் ஒன்றையொன்று வெட்டும் இடம்! அங்கே ஓட்டை போட முடியாது. டீ-பாரை வெட்டி லைட் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எடை தாங்கும் உறுப்பை வெட்டிவிட்டு அழகுக்கு விளக்கு வைத்தால் அதைப் பொறியியல் என்று சொல்ல முடியாது.

விடை எளிது. கிரிட்டைச் சுவரிலிருந்து ஆரம்பிக்காமல் அறையின் நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். நீளத்தில் ஏழு முழு டைல்: 4,200. மிச்சம் 677, இரு பக்கமும் 338 மி.மீ. ஓரத் துண்டு. அகலம் 12 அடி, 3,658 மி.மீ.; ஐந்து முழு டைல் 3,000; மிச்சம் 658; இரு பக்கமும் 329.

இப்போ டைல் நடுப்புள்ளிகளைப் பாருங்கள். நீளத்தில் முதல் முழு டைலின் நடு, சுவரிலிருந்து 638 மி.மீ. ஒன்றுவிட்டு ஒரு டைலில் லைட் வைத்தால் 638, 1,838, 3,038, 4,238. கடைசி லைட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் 639. அகலத்தில் 629, 1,829, 3,029. எதிர்ச் சுவருக்கு 629. லைட்டுக்கு லைட் 1,200, சுவருக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஒளியமைப்புப் பாடத்தில் சொல்லும் "சுவரிலிருந்து பாதி இடைவெளி" விதி தானாகவே அமைந்துவிட்டது. எல்லா ஓட்டையும் டைலின் நடுவில்.

விலை? ஓரத் துண்டு ஒவ்வொன்றும் 300 மி.மீ.க்கு மேல் இருப்பதால் ஒரு டைலிலிருந்து இரண்டு துண்டு எடுக்க முடியாது. 9 × 7 = 63 டைல் வாங்கணும். 48 வாங்கிக்கொண்டு மலை ஏறினால் 15 டைலுக்காகத் திரும்ப இறங்கணும். உடைசலுக்கு மூன்று நான்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரத் துண்டின் வெட்டிய பக்கம் சுவர்ப் பக்கம் போகணும். கம்பெனி விளிம்பு டீ-பார் மேல் உட்காரணும்.

வெட்டுவது

பெட்டியில் இரண்டு அளவு இருக்கும். வெளி விட்டம், கட்-அவுட் விட்டம். வெளி விட்டம் 170, கட்-அவுட் 150 என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 10 மி.மீ. விளிம்பு ஓட்டையை மூடும். வெட்டவேண்டியது 150. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் லைட் கைக்கு வராமல் ஓட்டை போடாதீர்கள்.

1. பன்னிரண்டு டைலுக்கும் ஒரே அளவு வேணும் என்றால் முதலில் ஓர் அச்சு செய்யுங்கள். 595 மி.மீ. சதுரப் பலகையில் இரு மூலைவிட்டம் போட்டு நடுவைக் கண்டுபிடித்து 150 மி.மீ. வட்டம் வெட்டுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 841 மி.மீ. வந்தால் சதுரம் சரி.

2. டைலை இறக்கும்போது ஒரு மூலையை மேலே தூக்கிச் சாய்த்துக் கீழே கொண்டு வாருங்கள். இதற்கு மேலே ஒரு சாண் இடமாவது வேணும். பின்பக்கத்தில் எண்ணும் அம்புக்குறியும் பென்சிலால் போடுங்கள். முகப்பில் கோலம் போல ஓடும் டைல்களுக்குத் திசை உண்டு. திருப்பி வைத்தால் அது மட்டும் தனியாகத் தெரியும்.

3. கையைக் கழுவிவிட்டு டைலைத் தொடுங்கள். வெள்ளை டைலில் விரல் ரேகை போகாது.

4. தட்டையான பலகைமேல் டைலை முகம் மேலே இருக்கும்படி வைத்து, அச்சை வைத்து, கூர்மையான கட்டர் பிளேடால் முகப்பை மட்டும் முதலில் கீறுங்கள். பிறகு இரண்டு மூன்று சுற்றில் ஆழமாக. ஒரே அழுத்தில் வெட்டினால் பின்பக்கம் பிய்ந்துகொண்டு வரும். மினரல் ஃபைபருக்கு இதே போதும். ஜிப்சம், கால்சியம் சிலிக்கேட்டுக்கு ஹோல் சா அல்லது சிறிய கைரம்பம். பி.வி.சி.க்கு ஹோல் சாவை மெதுவாகச் சுற்றவிடணும். வேகம் கூடினால் உருகும்.

5. சந்தேகம் இருந்தால் 2 மி.மீ. சின்னதாக வெட்டுங்கள். சின்ன ஓட்டையை உப்புத்தாளால் பெரிசாக்கலாம். பெரிய ஓட்டையைச் சின்னதாக்க வழியில்லை.

6. வெட்டிய விளிம்பில் கொஞ்சம் பெயின்டோ பிரைமரோ தடவுங்கள். கீழ்நாட்டில் யாரும் இதைச் செய்வதில்லை. மலையில் ஈரம் உள்ளே போகும் வாசல் அந்த விளிம்புதான்.

ஓட்டை போட்ட டைல் எவ்வளவு பலவீனம்?

150 மி.மீ. வட்டத்தின் பரப்பு முழு டைலில் வெறும் 5 சதவீதம். "அவ்ளோதானா" என்று தோணும். ஆனால் டைலின் நடுக்கோட்டைப் பாருங்கள். 595 மி.மீ.யில் 150 போய்விட்டது. குறுக்குவெட்டில் கால் பங்கு காலி. ஓரங்களில் தாங்கப்பட்ட பலகைக்கு வளைவுத் திருப்புத்திறன் அதிகபட்சம் எங்கே? அதே நடுவில். லைட்டின் எடை எங்கே? அதே நடுவில். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் எழுதிப் பாஸான விஷயம் இங்கே தலைக்கு மேலே தொங்குது. கூடவே ஈரம். மினரல் ஃபைபர் டைலின் சொந்த எடையே ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ. முதல் மாதம் ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனால் லைட் இருக்கும் டைல்கள் மட்டும் தொப்பை போட்டிருக்கும்.

இதற்குத் தீர்வு, எடையைக் கிரிட்டுக்கு மாற்றுவது. டைலின் பின்பக்கம் ஒரு டீ-பாரிலிருந்து எதிர் டீ-பார் வரை எட்டும்படி இரண்டு அலுமினியப் பட்டை அல்லது சி-சேனல் வையுங்கள், ஓட்டைக்கு இரு பக்கமும். லைட்டின் ஸ்பிரிங் கிளிப் டைலைக் கவ்வாமல் அந்தப் பட்டையின் மேல் உட்காரட்டும். நடுவில் ஓட்டை வெட்டிய மெல்லிய பிளைவுட் தட்டும் போதும், ஆனால் அது டீ-பார் மேல் உட்காரணும். டைல்மேல் சும்மா கிடந்தால் எடை கூடினதுதான் மிச்சம். கனமான லைட் என்றால் பர்லினிலிருந்து தனியாக ஒரு கம்பி கட்டிவிடுங்கள். டைல் உடைந்தாலும் லைட் யார் தலையிலும் விழாது.

மலைக்கே உரிய எதிரி: மேலிருந்து சொட்டும் நீர்

மழையே இல்லாத இரவில் சீலிங்கில் ஈரக்கறை. கூரை ஒழுகுதுன்னு மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டையே இருக்காது. அது வியர்வை.

கணக்குப் பார்ப்போம். அறைக்குள் பிள்ளைகள் இருபது பேர், கதவு மூடியிருக்கு, 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம். இந்தக் காற்றின் பனிநிலை 16.4 டிகிரி. அதாவது 16.4க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அந்தக் காற்று தண்ணீராக மாறும். இரவில் தகரத்தின் வெப்பநிலை 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் முழுசாக இருக்கும்வரை அறைக் காற்று மேலே போவது குறைவு. நாம் 12 ஓட்டை போட்டோம். லைட்டின் சூடு வேறு காற்றை மேலே இழுக்கும். அந்தக் காற்று தகரத்தில் பட்டு, துளியாகி, எங்கே சொட்டும்? டைல்மேல்; அல்லது டைல்மேல் கிடக்கும் எல்.இ.டி. ட்ரைவர் மேல்.

"ஐ.பி. 65 லைட்தானே வாங்கினோம்" என்பீர்கள். பல லைட்டுகளில் அந்த எண் கீழே தெரியும் முகத்துக்கு மட்டும் பொருந்தும். மேலே இருக்கும் ட்ரைவரின் எண்ணைத் தனியாகப் பாருங்கள். செய்யவேண்டியவை:

தகரத்தின் அடியில் வெப்பக்காப்பு விரிப்பு ஒட்டுவது முதல் வேலை. தகரத்தின் உட்பரப்பு குளிராமல் இருந்தால் துளியே உருவாகாது. சீலிங் போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது, அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

லைட் விளிம்புக்கும் டைலுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் வளையம். காற்றும் போகாது, விளக்கைத் தேடி வரும் பூச்சியும் போகாது.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில் காற்றோட்டத்துக்கு எதிரெதிர் சுவரில் வலை அடித்த துவாரம்.

ட்ரைவரை டைல்மேல் போடாமல், மூடிய பெட்டிக்குள் வைத்துப் பர்லின் பக்கமாகக் கட்டுங்கள். வயர் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்துப் பிறகு பெட்டிக்குள் ஏறட்டும். வயர்வழியே ஓடிவரும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெப்பக்காப்புப் பஞ்சை லைட்டின் முதுகில் போர்த்தாதீர்கள். எல்.இ.டி. சூடாகாது என்பது பாதி உண்மை. நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். அந்தக் கண்டுபிடிப்பால்தான் இன்று விளக்கு இத்தனை மெல்லியதாக இருக்கிறது. ஆனாலும் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் வெப்பமாகத்தான் போகுது. அது அலுமினிய முதுகு வழியாக வெளியேறணும். போர்த்தினால் ஆயுள் குறையும்.

மின்சாரம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இணைப்புக் கொடுக்கவேண்டியது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். நாம் தெரிந்துகொள்ளவேண்டியது அவர் செய்வது சரியா என்று பார்க்க.

எம்.சி.பி.யை அணைத்தால் போதாது; அணைத்ததை இன்னொருவர் போடாதபடி பூட்டணும் அல்லது ஆள் நிறுத்தணும். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்யுதா என்று பார்த்துவிட்டுத்தான் நம் வயரில் வைக்கணும். லைட் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, குழாய்க்குள். மேலே எலி வரும் என்று எண்ணிக்கொண்டே வயர் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பும் ஜங்ஷன் பாக்ஸுக்குள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஈரக் காற்றில் பச்சை பிடிக்கும். இரும்புக் கிரிட் முழுவதும் ஒரே கடத்தி என்பதை மறக்காதீர்கள். உரிந்த ஒரு வயர் ஒரு டீ-பாரைத் தொட்டால் அறை முழுக்க, சுவர் ஆங்கிள் வரை, மின்சாரம். அதனால் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். இடி மின்னல் அதிகமுள்ள மலையில் சர்ஜ் பாதுகாப்பும் போட்டுவிட்டால் ட்ரைவர்கள் பிழைக்கும்.

கழற்றிய டியூப்லைட்டை என்ன செய்வது?

புது லைட் போடும்போது பழைய டியூப்லைட் நாலைந்து கழற்றுவோம். அதை உடைத்துக் குப்பையில் போடுவது நம் வழக்கம். ஒவ்வொரு டியூபிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது.

பாதரசம் என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானல் மலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இயங்கிய இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே தெரிந்த பிறகு, 2001இல் மூடப்பட்டது. அந்தக் கடையில் கிடந்தது 7.4 டன். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016இல்தான். பதினைந்து வருடம்.

நம் நாலு டியூபை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் பழக்கம் ஒன்றுதான்: உடைந்த கண்ணாடிதானே என்று கடையில் போடுவது. டியூபை உடைக்காமல் அதன் அட்டையிலேயே சுற்றி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். மின்கழிவு விதிகளில் பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அட்டையால் அள்ளி மூடிய டப்பாவில் போடுங்கள்.

வேலை வரிசை, ஒரே பார்வையில்

கூரை ஒழுகலை அடைப்பது, வெப்பக்காப்பு, வயர் குழாய், கிரிட்டுக்கு நடுவிலிருந்து நூல் போடுவது, கிரிட், ஓர டைல், லைட் டைல் வெட்டுவது, தாங்கு பட்டை, எலக்ட்ரீஷியன் இணைப்பு, கடைசியாக மிச்ச டைல். முடிந்ததும் ஒரு டைலை மட்டும் வைக்காமல் விட்டு ஒரு இரவு பாருங்கள். காலையில் டார்ச் அடித்துத் தகரத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். விரல் நனைந்தால் காற்றோட்டம் போதவில்லை. மூடுவதற்கு முன்னால் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு பயிற்சி: உங்கள் ஹாஸ்டல் படிப்பறையையோ வகுப்பறையையோ டேப் வைத்து அளந்து, 600 மி.மீ. கிரிட்டை நடுவிலிருந்து பிரித்து, ஓரத் துண்டின் அகலம், மொத்த டைல், லைட் நடுப்புள்ளிகள் மூன்றையும் கண்டுபிடியுங்கள். ஓரத் துண்டு 150 மி.மீ.க்குக் குறைவாக வந்தால் ஒரு டைலைக் குறைத்து மறுபடி போடுங்கள். லைட் டீ-பார் மேல் விழுந்தால் கிரிட்டை 300 மி.மீ. நகர்த்துங்கள். விடையை வரைபடத்தோடு இதழுக்கு அனுப்பினால், அடுத்த இதழில் சேர்த்துப் பார்ப்போம்.